பலாமரத்துக்கு ஜாமீன்

குத்தாலிங்கம் வாயைத் திறக்காததால்தான் பலாமரம் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போனது என்பதில் எங்கள் மேட்டுக்கிணற்றுத் தெருவில் யாருக்கும் இரண்டாவது கருத்து கிடையாது. அவர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதில்தான் பன்னிரண்டு வீட்டுக்கும் பன்னிரண்டு கருத்து இருந்தது. அதில் என்னுடையதுதான் சரியானது என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

குற்றாலத்துச் சாரல் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற தூரத்தில் இருக்கிறது எங்கள் தெரு. வீடுகள் முன்பக்கம் குறுகல், பின்பக்கம் நீளம். வாசலில் ஒரு மோட்டார் சைக்கிளை நிறுத்தினால் ஆள் நுழைய இடம் இருக்காது, ஆனால் புழக்கடைக் கதவைத் திறந்தால் தென்னை, வாழை, முருங்கை, அவரைப் பந்தல், கீரைப் பாத்தி என்று கண்ணுக்கு எட்டிய தூரம் போய்க்கொண்டே இருக்கும். அதனால் நாங்கள் ஒருவரை ஒருவர் எடை போடுவது வாசலை வைத்து அல்ல, புழக்கடையை வைத்துத்தான். காய்கறிக் கடையில் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்த்தால் எங்களுக்குக் கொஞ்சம் இளக்காரம் உண்டு, அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

அந்த எடையில் முதல் தட்டு ஏழாம் வீட்டு உலகம்மை மதினிக்கு. வெளுக்கும்போதே எழுந்து, பூசணியின் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவிவிட்டு, புடலங்காய் கோணாமல் இறங்க நுனியில் கல்லைக் கட்டிவிட்டு, அவரையில் ஏறின அசுவினிப் பூச்சிக்குச் சாம்பலைத் தூவி, அரிசி களைந்த தண்ணீர் கத்தரிக்கு, மீன் கழுவின தண்ணீர் எலுமிச்சைக்கு, புளித்த மோர் கறிவேப்பிலைக்கு என்று ஆள் பார்த்துப் பரிமாறி, இத்தனைக்கும் நடுவில் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே இருப்பாள். ஆமாம், மதினி செடிகளைத் திட்டித்தான் வளர்ப்பாள். "தின்னுட்டுத் தின்னுட்டு நிக்கியே, ஒரு பிஞ்சு விடத் துப்பிருக்கா ஒனக்கு?" என்று பாகற்கொடியைப் பார்த்துக் கேட்டால், மறுநாள் காலையில் அது ரோஷப்பட்டு நாலு பிஞ்சு விட்டிருக்கும். 'அடியாத மாடு படியாது' என்கிற பழமொழிக்கு 'வையாத செடி காய்க்காது' என்று ஒரு வாலையும் அவளே சேர்த்து வைத்திருந்தாள்.

அவள் வசவுக்கு மசியாத உயிர் அந்தப் புழக்கடையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது பலாமரம். பதினாலு வருஷத்துக்கு முன்னால், தின்ற பழத்தின் கொட்டை ஒன்றைப் பால் கவரில் மண் நிரப்பி ஊன்றி, முளைத்ததும் சுவரோரம் குழி வெட்டி நட்டு, தானே தண்ணீர் சுமந்து வளர்த்த மரம். ஓடு தாண்டி வளர்ந்தது, இலை இலையாகத் தள்ளியது, நிழலென்றால் அப்படியொரு நிழல். பிஞ்சு மட்டும் கிடையாது. கைபட்டதெல்லாம் காய்க்கும் என்று பேர் வாங்கினவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் பதினெட்டு வகைக் காயையும் பார்த்துவிட்டுக் கடைசியில் "பலா காய்க்குமோ?" என்றுதான் கேட்பார்கள்.

எங்கள் பக்கத்தில் காய்க்காத மரத்துக்கு ஒரு வைத்தியம் உண்டு. ஒருவர் கோடரியோடு மரத்தின் முன்னால் போய் நின்று "காய்க்கியா, வெட்டவா?" என்று மூன்று தரம் கேட்க வேண்டும். மூன்றாம் தரம் கோடரியை ஓங்கும்போது, அதே வீட்டைச் சேர்ந்த இன்னொருவர் குறுக்கே வந்து, "வெட்டாத, வெட்டாத, வார ஆனிக்குள்ள காய்ச்சிரும், அதுக்கு நான் ஜாமீன்" என்று சொல்ல வேண்டும். கோடரி இறங்கும். மரத்தின் இடுப்பில் வைக்கோல் பிரியைக் கட்டி, வேரில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு எல்லோரும் காப்பி குடிக்கப் போவோம். மரம் பயந்து காய்க்குமா, ஜாமீன் நின்றவருக்காக வெட்கப்பட்டுக் காய்க்குமா என்பது எனக்குத் தெரியாது, ஆனால் பெரும்பாலும் காய்க்கும்.

நாலு வருஷமாக உலகம்மை மதினி கோடரி பிடித்தாள், அவள் புருஷன் குத்தாலிங்கம் ஜாமீன் நின்றார். அண்ணாச்சி தபாலாபீசில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர், சாதுவான மனுஷன், பேச்சு மட்டும் கொஞ்சம் கூடுதல். அவருக்கு ஒரு கரடிக் கதை உண்டு. இளவயசில் ஐந்தருவிக்கு மேலே காட்டில் கரடி துரத்தியதையும், அதனிடம் அவர் தபால் பையைக் கொடுத்துத் தப்பியதையும் ஆரம்பித்தால், கரடி வருவதற்குள் கேட்கிறவர்களுக்கு அடுத்த வேளைப் பசி வந்துவிடும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆனிக் கடைசியில் ஒரு நிச்சயதார்த்த வீட்டில், மாப்பிள்ளை வீட்டாரை உட்கார வைத்து அவர் காட்டுக்குள் நுழைந்த நேரம், மதினி பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி, "நீங்க வாயைத் தொறக்காம இருந்தாலே பாதிக் கல்யாணம் நல்லபடியா முடிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டாள். எல்லோரும் சிரித்தோம். அண்ணாச்சியும் சிரித்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியவர் அன்றைக்கே பேச்சையும் கழற்றி வைத்துவிட்டார்.

அடுத்த நாலாவது நாள் பலாவுக்கு மிரட்டல் நாள். நாங்கள் ஐந்தாறு பேர் டம்ளர் காப்பியோடு வேடிக்கை பார்க்கப் போயிருந்தோம். மதினி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கோடரியோடு நின்றாள், அண்ணாச்சி துவைகல் பக்கத்தில் நின்றார். "காய்க்கியா, வெட்டவா?" என்று ஒரு தரம் கேட்டாள். இன்னொரு தரம் கேட்டாள். மூன்றாம் தரம் கேட்டுக் கோடரியை ஓங்கி அப்படியே நின்றாள். அண்ணாச்சி ஆகாசத்தைப் பார்த்தார். மதினி தொண்டையைச் செருமினாள். அண்ணாச்சி துவைகல்லைப் பார்த்தார். 'பேசுங்க' என்று ஒரு வார்த்தை அவளும் சொல்லவில்லை, கேட்டால்தான் பேசுவேன் என்று அவரும் நின்றார். ஜாமீன் இல்லாமல் கோடரியை இறக்கக் கூடாது. வெட்டவும் மனசு வராது. எங்களில் யாராவது சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் கேட்பீர்கள். அந்த வீட்டு ஆள் சொன்னால்தான் செல்லும் என்பது ஒரு காரணம், எங்களுக்கு வேடிக்கை ருசித்துவிட்டது என்பது நிஜமான காரணம். கை வலித்துப்போய் மதினி கோடரியைப் பொத்தென்று கீழே போட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

பதினொரு மணி சுமாருக்கு மரம் கிளம்பியது. பார்த்தவள் ஒன்பதாம் வீட்டுப் பேச்சியம்மாள் ஒருத்திதான், மொட்டை மாடியில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "ஒரு வேரா எடுத்து வச்சு, சேலையைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு வாய்க்காலத் தாண்டுவமே, அப்படித் தாண்டுச்சு யக்கா" என்று என்னிடம் சொன்னாள்.

"சத்தம் போட வேண்டியதுதானட்டி?"

"மொளகாக் கையில்லா, மூஞ்சியத் தொடச்சிட்டேன். கண்ணு எரிஞ்சு நிக்கையில அது போய்ச் சேந்துட்டு."

சுவரில் ஒரு செங்கல்கூட அசையவில்லை. பாசி மட்டும் ஒரு முழ அகலத்துக்கு வழித்தெடுத்த மாதிரி இருந்தது. இந்தப் பக்கம் ஆள் இறங்கி நிற்கிற ஆழத்துக்கு ஒரு குழி. அந்தப் பக்கம், எட்டாம் வீட்டு ஜெபமணி டீச்சரின் புழக்கடையில், குரோட்டன்ஸ் தொட்டிகளுக்கு நடுவே, பிறந்ததிலிருந்தே அங்கே நிற்கிற மாதிரி பலாமரம் நின்றது. செய்தி கேட்டுத் தெருவே கூடியது. அன்றைக்கு நாங்கள் அதிகமாகக் கவலைப்பட்டது ஆடி மாதத்தைப் பற்றித்தான். ஆடியில் மனுஷனே வீடு மாற மாட்டான், மரம் மாறலாமா, வேர் பிடிக்குமா என்று பேசிப் பேசி, இலை வாடவில்லை என்று தெரிந்த பிறகுதான் சமைக்கப் போனோம்.

ஜெபமணி டீச்சர் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர், காய்கறிக் கடையில் பை தூக்குகிற ஆள். எங்கள் இளக்காரத்துக்கு முழு உரிமை உள்ள ஒரே வீடு அது. ஆனால் அந்த வீட்டில் யாரும் யாரையும் உரத்து ஒரு சொல் சொன்னதில்லை. மரம் அதைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பதினாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது, வேறென்ன.

"டீச்சர், எங்க மரம் ஒங்க வீட்டுல நிக்கி" என்றாள் உலகம்மை மதினி, சுவருக்கு மேலே கழுத்தை நீட்டி.

"நிக்கிதுதான் உலகம்ம. நான் கூப்பிடலை. வந்தவங்கள எப்படிப் போன்னு சொல்ல?" என்றார் டீச்சர். ஈரத் துணியைக் காயப்போடக் கொடியின் ஒரு முனையை ஏற்கனவே மரத்தில் கட்டியிருந்தார்.

மதினி சும்மா விடுகிற ஆளா? சர்வேயரை வரவழைத்தாள். அவர் சங்கிலியை விரித்துச் சுவரையும் குழியையும் அளந்து, சங்கிலி நிலத்தை அளக்கத்தான், நிலத்தில் நிற்கிறவர்கள் எங்கே போகிறார்கள் வருகிறார்கள் என்று கேட்க அதற்கு அதிகாரம் கிடையாது என்று சொல்லி, நன்னாரி சர்பத் குடித்துவிட்டுப் போனார். வார்டு கவுன்சிலர் வந்து, மரத்தைத் தொட்டுப் பார்த்து, இரண்டு வீடும் அவருக்கு ஓட்டுப் போடுகிற வீடு என்பதால் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்றார்.

தெரு வேறு ஒரு பாடத்தைப் படித்துக்கொண்டது. மரம் கோடரிக்குப் பயப்படவில்லை, கோடரியை நாலு வருஷமாகப் பார்த்துத்தான் இருக்கிறது. குறுக்கே வர ஒரு ஆள் இல்லாமல் போனதே, அதைத்தான் தாங்கவில்லை என்று பேச்சியம்மாள் சொல்ல, எல்லோரும் ஒத்துக்கொண்டோம். முருங்கையில் திருஷ்டிக்குக் கட்டியிருந்த பழஞ்செருப்பை ஒரே நாளில் அவிழ்த்தார்கள். புழக்கடையில் யாரும் யாரையும் வையக் கூடாது என்று ஆனது. சண்டையெல்லாம் வாசலுக்கு வந்தது. இதைக் கண்டுகொண்ட எங்கள் தெரு ஆண்கள், என் வீட்டுக்காரர் உட்பட, காலைப் பேப்பரோடு புழக்கடைக்குப் போனால் சாப்பாட்டுக்குக்கூட உள்ளே வருவதில்லை. வாழைக்கு நடுவில் நிற்கிற மனுஷனிடம் குரலை உயர்த்த முடியாமல், "கரண்டு பில்லு கட்டலியா ராசா?" என்று நான் தேன் வடியக் கேட்க வேண்டியிருந்தது. வாழை அந்த வருஷம் பதினோரு சீப்பு போட்டது.

அதோடு நிற்கவில்லை. மிரட்டல் எங்கே கேட்டாலும் ஜாமீன் நிற்க ஒரு ஆள் வேண்டும் என்று தெருவில் முறை வைத்தோம். திங்கள் செவ்வாய் மூன்றாம் வீடு, புதன் வியாழன் நாங்கள் என்று. யாராவது பிள்ளையைப் பார்த்து "மார்க்கு வரட்டும், தோல உரிக்கேன்" என்று கத்தினால், முறைக்காரர் கை வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய், "உரிக்காதீய, உரிக்காதீய, வார பரீட்சைக்குள்ள படிச்சிருவான், நான் ஜாமீன்" என்று சொல்ல வேண்டும். மாமியார் மருமகளை "ஒங்க அம்மை வீட்டுக்கு அனுப்பிருவேன்" என்றால் அதற்கும் ஆள் உண்டு. தெருக்கோடியில் குடியிருக்கிற மரம் வெட்டுகிற மாடக்கண்ணுகூட, எந்த ஊரில் எந்த மரத்தில் அறுப்பு வாளை வைத்தாலும், "இதுக்கு ஜாமீன் உண்டா?" என்று மூன்று தரம் கேட்டுவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கப் பழகினான். சிரிக்காதீர்கள். அந்த வருஷம் எங்கள் தெருவில் ஒரு பிள்ளை அடி வாங்கவில்லை, ஒரு மருமகள் பெட்டி கட்டவில்லை.

ஏழாம் வீட்டில் மட்டும் சத்தமே இல்லை. அண்ணாச்சி அந்த நாலு நாளுக்குப் பிறகும் பேச்சை எடுக்கவேயில்லை. முதல் நாலு நாள் வீம்பு, அது எல்லோருக்கும் தெரியும். மரம் போன பிறகும் அவர் பேசாதது வீம்பால் அல்ல, வெட்கத்தால் என்பதுதான் என் கருத்து. வாயைத் திறந்தால் முதல் பேச்சு அந்த மரத்தைப் பற்றித்தான் இருந்தாக வேண்டும். அதற்கு என்ன வார்த்தை என்று அவருக்குத் தெரியவில்லை. மதினியும் 'பேசுங்க' என்று கேட்கவில்லை. அவள் அந்தக் குழியில் எதையும் நடவில்லை, மூடவும் இல்லை. தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி ஈரமாகவே வைத்திருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

தையில் டீச்சர் வீட்டுப் பலா பிஞ்சு விட்டது. ஒன்று இரண்டல்ல, இருபத்து மூன்று. அடிமரத்திலிருந்து கைக்கு எட்டாத கொம்பு வரை, திருவிழா ராட்டினத்தில் பிள்ளைகள் தொற்றிக்கொண்டிருக்கிற மாதிரி தொங்கியது. சித்திரையில் முதல் பழம் பழுத்தபோது வாசனை பஸ் ஸ்டாண்டு வரை போனது என்பார்கள். பலாப்பழத்தைத் தனியாகத் தின்ன யாராலும் முடியாது, டீச்சர் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்து, சுளை சுளையாக எடுத்து மற்ற பதினொரு வீட்டுக்கும் கிண்ணத்தில் அனுப்பினார். பத்துக் கிண்ணம் காலியாகத் திரும்பியது. ஏழாம் வீட்டுக் கிண்ணம் அப்படியே திரும்பியது. அண்ணாச்சி மட்டும் வாங்கும்போது ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டதாகப் பேச்சியம்மாள் சொன்னாள், ஆனால் அவள் சொல்வதில் பாதியைத்தான் நம்பலாம்.

வைகாசியில் ஒரு சேதி வந்தது. டீச்சருக்கு மூட்டு வலி, கோயம்புத்தூரில் மகளோடு போய் இருக்கப் போகிறார், வீட்டை விற்றாகிவிட்டது. வாங்கினவர் செங்கோட்டைப் பக்கத்துக்காரர், பெரிய கார் வைத்திருப்பவர். பின்பக்கச் சந்து வழியாகக் காரைக் கொண்டுவந்து நிறுத்த ஷெட் போட வேண்டும். அந்த இடத்தில்தான் பலா நிற்கிறது. ஆனி முதல் வெள்ளிக்கிழமை மரத்தை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

"உலகம்ம, நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். இனி அது என் வீடு இல்லை" என்று டீச்சர் சுவரோரம் வந்து சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமைக்கு இருபது நாள் இருந்தது. அதற்குள் மரம் தானாக மனசு மாறி வீட்டுக்கு வந்தால் பிழைக்கும், இல்லையென்றால் பலகையாகும். மதினி குழியைக் கொத்திவிட்டு, மக்கின சாணமும் வேப்பம்புண்ணாக்கும் எலும்புத்தூளும் போட்டு, மேலே வெல்லத் தண்ணீர் தெளித்தாள். தினமும் சாயங்காலம் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு மரத்தைக் கூப்பிட்டாள். கூப்பிடத்தான் அவளுக்குத் தெரியவில்லை. "வந்துரு தாயி, ஒனக்கு எம்புட்டு உரம் வச்சிருக்கேன் பாரு" என்று ஆரம்பிப்பாள், மரத்தில் ஒரு இலை திரும்பும், உடனே அவளுக்குப் பொறுக்காது, "இம்புட்டுச் சொல்லியும் அசையாம நிக்கியே, வெள்ளிக்கெழமை அறுபடும்போது தெரியும் ஒனக்கு" என்று முடிப்பாள். மறுநாள் பார்த்தால் மரம் இரண்டு விரற்கடை தள்ளி அந்தப் பக்கம் நகர்ந்திருக்கும். இப்படியே இருபது நாளில் அது இரண்டு முழம் தூரம் போய்விட்டது. நாங்கள் ஆளாளுக்குப் பாடம் எடுத்தோம். "மதினி, வசவே இல்லாம ஒரு வாக்கியம் சொல்லுங்க பாப்போம்" என்றேன் நான். அவள் யோசித்து யோசித்து, "நல்லாத்தான் இருக்க, மூதி" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாடக்கண்ணு இரண்டு ஆட்களோடும் கயிறோடும் வாளோடும் வந்தான். கார்க்காரரும் வந்தார். தெருவே டீச்சர் புழக்கடையில் கூடியிருந்தது, இந்தத் தரம் யார் கையிலும் காப்பி இல்லை. பதினான்கு பழம் பறித்தது போக ஒன்பது பழம் மரத்தில் மீதம் இருந்தது. மாடக்கண்ணு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "இந்த மரத்துக்கு ஜாமீன் உண்டா?" என்று கேட்டான்.

"ஜாமீனா? நீ வெட்டுப்பா" என்றார் கார்க்காரர்.

"மூணு தரம் கேக்கணும் அண்ணாச்சி. எங்க தெரு முறை" என்றான் மாடக்கண்ணு. பிறகு இரண்டாம் தரம் கேட்டான்.

மனுஷருக்கு முறைக்காரர் போதும், மரத்துக்கு மட்டும் அதன் வீட்டு ஆள்தான் நிற்க வேண்டும். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த வீட்டு ஆள் என்று சொல்ல அவருக்கு இனிமேல் உரிமை இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம், குழிக்குப் பக்கத்தில் குத்தாலிங்கம் அண்ணாச்சி நின்றார். வாயைத் திறந்தார். பதினொரு மாதம் பூட்டிக் கிடந்த தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை. மனுஷன் இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது, அன்றைக்கு வேடிக்கை பார்த்த பாவத்துக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் பக்கத்தில் நின்ற உலகம்மை மதினியைக் காணோம். சுவருக்கு மேலே தலை தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் வாசல் பக்கமாகச் செருப்புச் சத்தம் கேட்டது. தன் வீட்டு வாசல் வழியாக வெளியே வந்து, தெருவைச் சுற்றி, மரம் போன நாளிலிருந்து மிதிக்காத டீச்சர் வீட்டுக்குள் நுழைந்து, எங்களையெல்லாம் விலக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போய், மாடக்கண்ணுக்கும் மரத்துக்கும் குறுக்கே நின்றாள்.

"மூணாம் தரம் கேளு" என்றாள்.

"இந்த மரத்துக்கு ஜாமீன் உண்டா?"

"நான் ஜாமீன்."

மாடக்கண்ணு தலையைச் சொறிந்தான். "எதுக்கு ஜாமீன் மதினி? காய்க்கும்னு சொல்லித்தான ஜாமீன் நிப்பாக. அதான் காய்ச்சுத் தொங்குதே."

நல்ல கேள்விதான். எப்போதும் எதற்கும் பதில் வைத்திருக்கிற மதினி வார்த்தை தேடுவதை அன்றைக்குத்தான் பார்த்தோம். அப்புறம் மாடக்கண்ணைப் பார்க்காமல் மரத்தின் பக்கம் திரும்பினாள்.

"காய்க்கதுக்கு இல்ல. காய்க்காட்டாலும் இருக்கட்டும்னு ஜாமீன். பதினாலு வருசமா காயி காயின்னு கேட்டேனே தவிர, நீ நல்லாருக்கியான்னு ஒருநா கேட்டது கெடையாது. வஞ்சே வளத்துட்டேன். தப்புதான். ஒண்ணும் தர வேண்டாம். வந்து சும்மா நில்லு, போதும்."

ஒரு வசவு இல்லை. கடைசியில் ஒரு 'மூதி' கூட இல்லை. நான் காத்திருந்து பார்த்தேன், வரவில்லை. அவள் மரத்தில் கை வைத்துக்கொண்டே கழுத்தைத் திருப்பிச் சுவர்ப் பக்கம் பார்த்தாள்.

"என்னங்க, நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க. அது நீங்க சொன்னாத்தான் நம்பும். எனக்கும் ஒங்க சத்தத்தக் கேட்டு எம்புட்டு நாளாச்சு."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு இருமல் வந்தது. அதற்குப் பின்னால், துருப்பிடித்த கதவைத் திறக்கிற மாதிரி ஒரு குரல் வந்தது. "ஏட்டி உலகம்ம, நானும் ஜாமீன். ரெண்டு பேரும் ஜாமீன்னு சொல்லு."

மரம் அவசரப்படவில்லை. முதலில் ஒவ்வொரு கொம்பாகத் தாழ்த்தி, ஒன்பது பழத்தையும் அடிபடாமல் டீச்சர் வீட்டுத் துவைகல் பக்கத்தில் வரிசையாக இறக்கி வைத்தது. பதினொரு மாதம் வைத்துக் காப்பாற்றின வீட்டிலிருந்து வெறுங்கையோடு விடைபெறக் கூடாது என்கிற மரியாதை அதற்குத் தெரிந்திருந்தது. துணிக்கொடியின் முடிச்சு அவிழும் வரை நின்றது. அப்புறம் வேர் வேராக எடுத்து வைத்து, நாங்கள் வழிவிட்டு ஒதுங்க, சுவரைத் தாண்டிப் போய், ஈரக் குழியில் இறங்கி, இரண்டு தரம் உலுக்கி, தன்னைச் சரிசெய்துகொண்டு நின்றது. மதினி டீச்சரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சத்தமாக அழுதாள். கார்க்காரர் காலியான இடத்தைக் காலடியால் அளந்து பார்த்து, ஷெட்டுக்குத் தாராளமாகப் போதும் என்றார். பழம் ஒன்பதும் வீட்டோடு சேர்ந்ததா என்றும் கேட்டார். அவருக்கும் ஒரு சுளைக் கிண்ணத்தைக் கொடுத்து உட்கார வைத்தோம்.

அன்றைக்கு மத்தியானம் ஒன்பது பழத்தையும் அங்கேயே அறுத்தோம். உலகம்மை மதினி முதல் சுளையைத் தின்றுவிட்டு, "நல்ல இனிப்பு" என்று மட்டும் சொன்னாள். அண்ணாச்சி கார்க்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கரடிக் கதையை எடுத்தார். பதினொரு மாதத்தில் கரடி இன்னும் கொஞ்சம் வளர்ந்திருந்தது. சாயங்காலம் வரை அவர் காட்டை விட்டு வெளியே வரவில்லை, மதினி ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. டீச்சரை மறுநாள் ரயிலேற்றிவிடத் தெருவே போனோம்.

இதெல்லாம் நடந்து ஒரு வருஷம் ஆயிற்று. இந்த ஆனியும் கழிந்துவிட்டது. பலா இலையாகத் தள்ளுகிறது, நிழலென்றால் அப்படியொரு நிழல், பிஞ்சு என்று ஒன்று விடவில்லை. கோடரியை மதினி மாடக்கண்ணுக்கே கொடுத்துவிட்டாள். கத்தரிக்கும் வெண்டைக்கும் வசவு இப்போதும் உண்டு, அதுகள் பழகிவிட்டன. பலாவிடம் மட்டும் காலையில் தண்ணீர் ஊற்றும்போது குரலைத் தாழ்த்தி என்னமோ கேட்பாள். நல்லாருக்கியா என்றுதான் இருக்கும்.

போன வாரம் கார்க்காரர் வீட்டு அம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். தெருவுக்குப் புதுசு, நல்ல மாதிரிதான், பேச்சுத் துணைக்கு ஆள் தேடுகிறவள். மதினி பலாவில் சாய்ந்து உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு பெரிய மரம்! இந்த வருஷமும் ஒண்ணும் காய்க்கலையாக்கா?"

மதினி முறத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"காய்க்கல. நீங்க இந்த வருசம் என்னத்தக் காய்ச்சிய?"